ஐம்பத்தெட்டாம் எண் தட்டு

ஒரே ஒரு ஊரில் இருநூறே இருநூறு இசைத்தட்டு இருந்ததாம். இருநூற்று ஒன்றாவது தட்டு ஏழு கடல் தாண்டினாலும் கிடைக்காதாம்.

எங்கள் வீட்டில் கதையை இப்படித்தான் சார் ஆரம்பிப்பார்கள். கேட்கிறவர் நடுநடுவே ‘ம்’ கொட்ட வேண்டும், இல்லையென்றால் கதை நின்றுவிடும். உங்கள் காதில் பஞ்சு இருக்கிறது, பரவாயில்லை, தலையை ஆட்டினால் போதும். டாக்டர் உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது.

நான் நோயாளி இல்லை. அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன் என் சிநேகிதன். எபினேசர். எபி என்போம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். ஹெட்போனில் ‘பீப்’ சத்தம் வரும், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு டக்டக்கென்று அழுத்தினான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது இடது காது நடக்கிறது. கை அப்படியே இருக்கிறது பாருங்கள்.

அவனுக்கு டப்பிங் தியேட்டரில் சவுண்ட் வேலை. இரண்டு காதும் வேண்டும். காது ஜவ்வு கிழிந்து ஆறு வாரம் ஆகிறது. ஜவ்வு மூடிக்கொண்டதாம், உள்ளே எவ்வளவு கேட்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரியும். இந்தச் சோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டரில் வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று சொல்வார்களாம். இதெல்லாம் அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி, அங்கிருந்து என்னிடம் வந்தது.

அடித்தது நான்தான். ஒரே ஒரு அறை.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். நான் சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டேன். பெரம்பூரில் வந்து பரணி என்று கேளுங்கள், செல்போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டுகிற கடை. ஒரு குமிழி இல்லாமல் ஒட்டுவேன். கோபக்காரன் கையால் ஆகிற வேலையா அது?

எல்லாம் அந்தத் தட்டால் வந்தது. ஒரு பழைய படம். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்களும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். வந்தபோது ஒரு வாரம்கூட ஓடாத படமாம். அதன் பின்னணி இசையை மட்டும் தனியாக ரெக்கார்டாகப் போடப் போகிறோம் என்று ஒரு கம்பெனி அறிவித்தது. தேன் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். இருநூறு மட்டும். ஒவ்வொன்றின் அட்டையிலும் எண். மேலே சீல் வைத்துச் சுற்றிய பிளாஸ்டிக் தாளில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர்: ‘இருநூறு மட்டுமே. இனி அச்சாகாது.’

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை இருக்கிறதே சார், அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்தது கிடையாது. இசையும் கேட்டது கிடையாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப்பத்து பேர். தினமும் காலையில் இன்னும் பதினெட்டு நாள், இன்னும் பதினேழு நாள் என்று போடுவார்கள். ஒருவர் தன் தங்கை நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தார். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் புரிந்தது.

என்னிடம் அறுபத்து மூன்று தட்டு இருக்கிறது. ஒன்றுகூடப் பிரித்ததில்லை. ப்ளேயர் வாங்கவில்லை. வாங்கினால் கை அரிக்கும். எபியிடம் இருப்பது எட்டே எட்டு. எல்லாம் கீறல். கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவை. அட்டையில் டீ வட்டம்கூட இருக்கும். “உன் வீட்டுல ரெக்கார்டு அனாதையா கிடக்குடா” என்பேன். “உன் வீட்டுல ஐசியூல கிடக்கு” என்பான். அப்படித்தான் பேசிக்கொள்வோம். நல்ல சிநேகிதம் சார் அது.

புரசைவாக்கத்தில் கமாலுதீன் பாய் என்று ஒருவர் மாடியில் ரெக்கார்டு கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்கு வந்தது பன்னிரண்டு தட்டு. ஆளுக்கு ஒன்று. பத்து மணிக்குத் திறப்பார். நாங்கள் ஏழு மணிக்கே போய்விட்டோம். ரேஷன் கடையில் பை, கல், செருப்பு வைத்து இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதே முறைதான் அங்கேயும். படிக்கட்டில் படிக்கு ஒரு ஹெல்மெட். மேல் படி முதல் ஆள். ஹெல்மெட் இருந்தால் ஆள் நிற்கிற மாதிரி. டீ குடிக்கப் போகலாம், ஒன்றுக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பாயே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. என்னுடையது பதினொன்றாவது. எபியுடையது பன்னிரண்டாவது, கடைசி.

டீ குடித்துவிட்டு வந்தால், பதினொன்றாவது படியில் ஒரு முதுகுப் பை. என் ஹெல்மெட் ஒரு படி கீழே. எபியின் ஹெல்மெட் தெருவில், ஒரு நாய் பக்கத்தில். பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார் ஒரு தாடிக்காரர். காரில் வந்தவர்.

“சார், ஹெல்மெட்டை யார் தள்ளி வச்சது?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“நான்தான். ஹெல்மெட்டுக்கு எதுக்குங்க ரெக்கார்டு? அது உக்காந்து கேக்குமா?”

எபி சிரித்துவிட்டான். எதிரி சொன்னதற்குச் சிரிக்கிறவன் அவன். “விடு பரணி. எனக்கு வேணாம். நீ ஒண்ணு வாங்கு. உன்கிட்ட வாங்கி நான் கேட்டுக்கறேன்” என்றான்.

வாங்கிக் கேட்டுக்கொள்வானாம். என் தட்டை. பிரித்து.

நான் ஹெல்மெட்டைத் தூக்கினேன். தூக்கினது மட்டும்தான் சார் நான். அந்த நேரம் பார்த்து அவர் எழுந்தார், முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அது நல்ல கனமான ஹெல்மெட், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. முறுக்கை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். மூக்கு இடது கன்னத்தைப் பார்த்தது. தாடி முழுக்க ரத்தம். அவர் விழுந்து எனக்கு மேல் படியில் நின்றவரின் காலைப் பிடித்தார், அவர் இன்னொருவர் மேல் சாய்ந்தார். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லமுடியாது. எல்லோர் கையிலும் ஹெல்மெட் இருந்ததல்லவா. ஒன்பதாவது படிக்காரர் ஏழாவது படிக்காரரின் கையைக் கடித்தார், அது பழைய பகை, வேறு ஏதோ ஒரு தட்டு விஷயம். ஒருவருக்கு முன்பல் போய்விட்டது. அதைத் தேடக் குனிந்தவரை இன்னொருவர் மிதித்தார். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளிருந்து கெஞ்சினார்:

“அடிச்சுக்கங்கப்பா, தாராளமா அடிச்சுக்கங்க. கண்ணாடி அலமாரி பக்கம் மட்டும் வராதீங்க.”

தாடிக்காரர் படியில் கையை ஊன்றி எழப் பார்த்தார். அவர் விரல் என் செருப்புக்கு அடியில் வந்துவிட்டது. நான் காலை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எபிதான் என்னைப் பின்னாலிருந்து கட்டி இழுத்தான். அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்து, ஆட்டோ பிடித்து, தானும் ஏறப் போனான். நான் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

“எங்கடா போற? படி போயிடும்.”

“அந்தாளு மூக்கு உடைஞ்சு கெடக்குடா.”

“அதான் ஆட்டோ வந்துடுச்சே. மூக்கு நாளைக்கும் இருக்கும்.”

அவன் போகவில்லை சார். நின்றுவிட்டான். அதை நான் கட்டாயம் சொல்லவேண்டும், அவன் நின்றான். காலர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்றோம். ஒருவர் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றார். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. போலீஸ் வந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள், தட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. படித்தவர்கள் சார் எல்லோரும்.

எனக்கு ஐம்பத்தேழாம் எண். எபிக்கு ஐம்பத்தெட்டு.

உங்களுக்குப் புரியவில்லை. அடுத்தடுத்த எண் சார். சீல் உடையாத ஜோடி. இருநூறில் இப்படி இரண்டு ஒரே இடத்தில் சேருவது எத்தனை அபூர்வம். குழுவில் படம் போட்டேன், நூற்றுப்பத்து பேரும் கை கூப்பினார்கள். எபியிடம் சொன்னேன், “இது ரெண்டும் இனிமே புருஷன் பொண்டாட்டி மாதிரிடா. ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிரிச்சுப் பேசக்கூடாது.”

“அதுக்காகக் கல்யாணம் ஆகியும் போத்தியே வைக்கணுமா?” என்று சிரித்தான்.

சிரித்தால் சம்மதம்தானே? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவன் தன் காசில் வாங்கினதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படியை யார் வாங்கிக் கொடுத்தது? நான். ஒரு மனிதரின் மூக்கை உடைத்து வாங்கிக் கொடுத்தேன். உடைந்து, என்று சொல்லவேண்டும். மூக்கு உடைந்து.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுகிற நேரம் என்று தெரிந்துதான் போனேன், ரூபி ஆன்ட்டி, அவன் அம்மா, எனக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். படி ஏறும்போதே சத்தம் கேட்டது. வயலின். நிறைய வயலின். இதற்கு முன்னால் கேட்டதே இல்லை, ஆனால் என்னவென்று தெரிந்துவிட்டது.

கதவு திறந்திருந்தது. தேன் நிறத் தட்டு ப்ளேயரில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் அதன் வழியாகச் சுவரில் விழுந்து ஆடியது. எபி தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குப்பைக் கூடை. அதற்குள் மீன் முள். மீன் முள்ளுக்கு மேல் சீல். ஸ்டிக்கரோடு.

“வா வா, கரெக்டா வந்த” என்றான் கண்ணைத் திறக்காமலே. “உக்காரு. இப்ப ஒரு இடம் வரும் பாரு. வயலினெல்லாம் நின்னுடும். அந்தச் சின்ன இடைவெளியில யாரோ ஒருத்தர் இருமுவார். வாசிச்ச ஆளு. இத்தனை வருஷமா அந்தப் படத்தோட வீடியோ கேசட்லயும் சீடியிலயும் அதைத் துடைச்சிட்டாங்கடா. இதுல விட்டுட்டாங்க. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.”

நாலு தடவை.

“சீலை ஏன்டா பிரிச்ச?” மெதுவாகத்தான் கேட்டேன்.

“ஷ்ஷ். இருமல் வருது.”

“எபி. ஜோடிடா அது.”

அப்போதுதான் கண்ணைத் திறந்தான். “கவராடா பாடுது?” என்றான்.

ஒரு அறை. இந்தக் கையால், இடது காதோடு சேர்த்து. அவன் உட்கார்ந்திருந்தான், நான் நின்றிருந்தேன், அதனால் கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சாய்ந்தவன் ப்ளேயர் பக்கமாகக் கையை வீசினான் சார். எனக்குப் பதறிவிட்டது. கை தட்டில் பட்டுவிட்டால்? அந்தக் கையைத் தடுக்கத்தான் இரண்டாவது. அதுவும் அதே காதில் போய் விழுந்தது. அப்புறம் காலால் கொஞ்சம் தள்ளினேன், ப்ளேயரை விட்டுத் தூரமாகப் போகட்டும் என்று. இரண்டு தடவை, மூன்று தடவை. விலாவில்தான். உதை என்று சொல்லமுடியாது. செருப்புகூட இல்லை காலில்.

முதலில் ஊசியைத் தூக்கினேன். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீறல் இல்லை. அட்டை தரையில் கிடந்தது, அதன் மேல் இரண்டு சொட்டு. சிவப்பு. சட்டை நுனியால் மெதுவாக, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். அட்டையில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும்.

ரூபி ஆன்ட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்கள். அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

“பரணி, அவன் காதுல ரத்தம் வருதுடா. அட்டையை அப்புறம் தொடைடா.”

அது வரைக்கும் காதில் என்று எனக்குத் தெரியாது சார். உதடோ என்னவோ என்று நினைத்தேன்.

அவன் காதைப் பொத்திக்கொண்டு, “கொய்ங்குனு கேக்குதும்மா, கொய்ங்குனு கேக்குது” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டோவில் போனார்கள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். இதே ஆஸ்பத்திரிதான். டாக்டர், “யாராவது அடிச்சாங்களா?” என்று கேட்டார். அடிதடி என்றால் போலீசுக்கு எழுத வேண்டுமாம். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எபி சொன்னான், “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.” ஆன்ட்டி கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்தீர்களா சார். அதுதான் சிநேகிதம். அவனுக்கும் தன் தப்பு தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பேசவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. காது அப்படி இருக்கும்போது போன் எப்படி எடுப்பான் சொல்லுங்கள். மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேருவதில்லை, அவன் போனில் ஏதோ கோளாறு. வீட்டுக்கு இரண்டு முறை போனேன். ஆன்ட்டி கதவைத் திறக்கவில்லை. வயதானவர்கள், பகலில் தூங்குவார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை சார். ‘ம்’ போடுங்கள், முக்கியமான இடம் இது. அன்றைக்கு ஆட்டோ கிளம்பின குழப்பத்தில் தட்டையும் அட்டையையும் குப்பைக் கூடையிலிருந்த ஸ்டிக்கரையும் நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் விட்டால் பாழாகிவிடும். இந்த ஆறு வாரமும் கடை மூடின பிறகு இதே வேலை. ஸ்டிக்கரிலிருந்து மீன் வாடை போகவே எட்டு நாள் ஆனது. கம்பெனி போடுகிற அதே கனத்தில் பிளாஸ்டிக் தாள் தேடி, அளவாக வெட்டி, சூட்டுக் காற்று அடிக்கிற மெஷினால் சுருங்கவைத்தேன். நாலு தாள் வீணாகி ஐந்தாவது சரியாக வந்தது. கம்பெனி சீலில் காற்றுப் போகச் சின்னத் துளைகள் இருக்கும், அது பலருக்குத் தெரியாது. ஊசியால் அதையும் போட்டேன்.

இந்தப் பைக்குள் இருப்பது அதுதான். ஐம்பத்தெட்டு. பாருங்கள். தொடவேண்டாம், பாருங்கள் போதும். பிரித்தது என்று யாராவது சொல்லமுடியுமா? அந்த இரண்டு சிவப்புப் புள்ளியும் உள்ளே போய்விட்டது, இனி அது அழியாது, பரவாது. அட்டையில் கதாநாயகி நிற்கிற வயலில் பூ மாதிரி இருக்கிறது.

போன வாரம் அதே கம்பெனிக்காரர்கள் அறிவித்திருக்கிறார்கள், இதே இசை, பச்சை நிறத்தில், இரண்டாயிரம் தட்டு. அது வேறு சார். பச்சை வேறு. தேன் நிறம் இருநூறுதான், இனி அச்சாகாது.

இதைக் கொடுத்தால் அவனுக்குப் புரிந்துவிடும். ஜோடியான என் ஐம்பத்தேழையும் அவனிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். யோசித்தேன்.

கதவு திறக்கிறது. இருங்கள் சார்.

“எபி. இங்கடா.”

“நீ எதுக்கு வந்த?”

“என்ன சொன்னாங்க?”

“இடது பக்கம் கீச்சுக் குரலெல்லாம் இனிமே கேக்காதாம். நரம்பு போயிடுச்சாம். திரும்ப வராதாம்.”

“மெஷின் வச்சா கேக்கும்ல?”

“மெஷின் வச்சு மிக்ஸிங் பண்ண முடியாது, பரணி. சாயங்காலம் தியேட்டருக்குப் போய் சாவியைக் குடுத்துட்டு வரணும்.”

“இந்தா. உனக்குத்தான்.”

“என்னது?”

“உன்னோடதுதான்டா. அம்பத்தெட்டு. பார்த்தாத் தெரியுதா சொல்லு? ஊசியால துளைகூடப் போட்டிருக்கேன்.”

“உள்ள தட்டு இருக்கா?”

“இருக்கு. இந்தத் தடவையாவது பிரிச்சிடாதடா.”

“சார், மன்னிக்கணும். உங்களுக்கு எந்தக் காது நல்லாருக்கு? இடதா? அப்போ இவன்கிட்டருந்து கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

“எபி. டேய். பெஞ்சுல ஏன் வைக்கிற, எடுத்துட்டுப் போடா.”

போகிறான் பாருங்கள். காகிதத்தை எப்படிச் சுருட்டிக்கொண்டு போகிறான். எப்போதும் இப்படித்தான், எதையும் மடங்காமல் வைத்துக்கொள்ளத் தெரியாது. தட்டைப் பெஞ்சில் பொத்தென்று போட்டானே, மூலை மடங்கிவிட்டதோ? இருங்கள். இல்லை. நல்லவேளை. மூலை நன்றாக இருக்கிறது. சீலும் அப்படியே இருக்கிறது. கவனித்தீர்களா சார், கையில் வைத்துக்கொண்டும் அவன் பிரிக்கவில்லை. அவ்வளவு கோபத்திலும் பிரிக்கவில்லை. உள்ளுக்குள் அவனுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

படி இறங்கிவிட்டான்.

நீங்கள் எங்கே சார் எழுந்துவிட்டீர்கள்? டாக்டர் இன்னும் கூப்பிடவில்லையே. சார், அந்தக் கோடி பெஞ்சில் ஃபேன்கூட இல்லை.